சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, பேரீச்சம்பழம் இறக்கி விற்க ஆசையா? கப்பல் ஏறும் முன்னே முடிக்க வேண்டிய வேலைகள்

நோன்புக்கு நாலு மாதம் இருக்கும்போதே கீழக்கரையில் யாராவது ஒருத்தர் என்னைப் பிடித்துவிடுவார். "காக்கா (அண்ணே), மதீனாவில் என் மருமகன் இருக்கிறார், அஜ்வா, சுக்கரி வகைப் பேரீச்சம்பழமெல்லாம் தோட்டத்து விலைக்கே கிடைக்குதாம், ஒரு கண்டெய்னர் போட்டால் என்ன?"

போடலாம். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோர் மனசிலும் ஒரே கணக்குதான் ஓடுகிறது: முதலில் சரக்கு தூத்துக்குடிக்கு வந்து சேரட்டும், பேப்பரை எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். இந்தக் கணக்கை நம்பி நானே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். உணவுப் பொருளைப் பொறுத்தவரை சட்டம் கேட்கிற முக்கியமான காகிதங்களும் லேபிளும் அந்த நாட்டிலேயே, சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னாடியே தயாராக வேண்டியவை. இங்கே வந்த பிறகு எந்த ஏஜென்டாலும் அவற்றை உண்டாக்க முடியாது.

முதலில் இரண்டு குறுக்கு வழிகளைப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் எப்படியும் கேட்பீர்கள்.

ஒன்று, சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்கள், பெட்டியில் கொண்டுவரும் பழம். பயணி பெட்டியில் வருவதைச் சொந்த உபயோகத்துக்கு என்றுதான் கஸ்டம்ஸ் விடுகிறது, உணவு இறக்குமதி விதிகளும் அதற்கு மட்டும்தான் விலக்குக் கொடுக்கின்றன. அதே பத்துக் கிலோ கடைப் பலகையில் ஏறி விலை ஒட்டிக்கொண்டால் அது வியாபாரச் சரக்கு. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து எங்கே வாங்கினாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இரண்டு, படகு. நம் கரைக்குத் தலைமன்னார் எட்டிப்பிடிக்கிற தூரம், 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை அங்கிருந்து கப்பலே ஓடியது. ஆனாலும் 1962 சுங்கச் சட்டப்படி அரசு அறிவித்த துறைமுகம், விமான நிலையம், தரைவழிச் சாவடி இவற்றில்தான் சரக்கு இறங்கலாம். வேறு கரையில் இறங்கினால் அது பிஸ்கட் டப்பாவாக இருந்தாலும் கடத்தல்தான், சரக்கோடு அதைச் சுமந்த படகும் வண்டியும் பறிமுதலுக்குள் வரும். 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து நம் பக்கமிருந்து போகிற மஞ்சள் மூட்டைகள் பிடிபடும் செய்தியைப் படிக்கிறோமே, அது போகிற வழி. வருகிற வழிக்கும் சட்டம் இப்படித்தான். மண்டபம் முகாம்கூட இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற ஆட்களை நிறுத்திவைத்து நோய் இல்லை என்று பார்த்து அனுப்ப உருவான இடம்தானே. ஆளுக்கு இருந்த அந்தக் குவாரன்டைன் இப்போது சரக்குக்கு, அவ்வளவுதான்.

நமக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி, சாயல்குடி வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போய்விடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி அலுவலகமும் பயிர் குவாரன்டைன் நிலையமும் அங்கேயே இருப்பதால் பேரீச்சம்பழத்துக்கு அது போதும்.

சரி, முதல் வேலை. உங்கள் சரக்கு செடியிலிருந்து வந்ததா, மிருகம் அல்லது மீனிலிருந்து வந்ததா, ஆலையில் செய்து அடைத்ததா என்று பாருங்கள். இதை வைத்துத்தான் எந்தெந்த அலுவலகம் குறுக்கே வரும் என்பது முடிவாகும்.

பேரீச்சம்பழம் செடி வகை. அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் உண்டு, பயிர் குவாரன்டைனும் உண்டு. 2003ஆம் ஆண்டின் பயிர் குவாரன்டைன் ஆணையில் அட்டவணை அட்டவணையாகப் போட்டிருப்பார்கள்: எது தடை, எது எந்த நாட்டிலிருந்து என்ன நிபந்தனையோடு வரலாம், எதற்கு முன்கூட்டி இறக்குமதி அனுமதி வேண்டும் என்று. 6, 7 ஆகிய இரண்டு அட்டவணைகளிலும் உங்கள் பழத்தையும் அது விளைந்த நாட்டையும் தேடிப் பாருங்கள். ஈரப்பழமும் காய்ந்த பழமும் ஒன்றில்லை, ஒரு நாட்டுக்குச் சொன்னது இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. அனுமதி கேட்கும் இனம் என்றால் சரக்கு ஏறும் முன் அதை வாங்கியிருக்க வேண்டும். எப்படியானாலும் விளைந்த நாட்டு அரசின் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும், ஏஜென்ட்கள் ஃபைட்டோ என்பார்கள். இதில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள். பழம் சவுதியில் விளைந்தது, வாங்குவதோ துபாய் மொத்தக் கடையில், அந்தக் கடைக்காரர் ஒரு சான்றிதழ் எடுத்துத் தருகிறார், அதில் விளைந்த நாடு என்ற இடத்தில் எமிரேட்ஸ் என்று இருக்கும், ஆனால் அட்டைப்பெட்டியில் சவுதி என்று அச்சடித்திருக்கும். முடிந்தது கதை. வேறு நாடு வழியாக வரும் பழத்துக்கு மறு ஏற்றுமதிக்கான ஃபைட்டோ என்று தனியாக உண்டு, அதோடு விளைந்த நாட்டுச் சான்றிதழும் சேர்ந்து வர வேண்டும். மரப் பலகைமேல் அடுக்கி வருகிறது என்றால் அந்தப் பலகையில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பக்குவம் செய்தது என்பதற்கான சர்வதேசக் குறி) இருக்கிறதா என்று ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பழம் சுத்தமாக இருந்து பலகையால் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

மாசி, அதாவது சூரை மீன் கருவாடு? இதைக் கேட்காத ஆள் இல்லை, சம்பல் இல்லாமல் நமக்கு ஏது சோறு. மினிக்காய்த் தீவு மாசி என்றால் அது லட்சத்தீவு, இந்தியா, இறக்குமதியே கிடையாது. பில்லோடு வாங்கி விற்கலாம். மாலத்தீவு மாசி என்றால் நிலைமையே வேறு: மீன் பொருள் என்பதால் மத்திய அரசிடம் சுகாதார இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், அந்நாட்டு அதிகாரிகளின் சுகாதாரச் சான்றிதழ் கூடவே வர வேண்டும், எல்லாத் துறைமுகத்திலும் இறக்கவும் முடியாது, மிருக வகைச் சரக்குக்கென்று அறிவித்த துறைமுகங்கள் தனி. முதல் தடவை இறங்குகிறவர் மாசியில் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இலங்கை மிளகும் பாக்கும் மலிவு என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வரி. மிளகு கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்கத் தடை, பாக்குக்கு 2023இல் அந்த வரம்பு 351 ரூபாய் ஆனது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத்தானே இறக்க நினைத்தீர்கள், அந்த மலிவையே சட்டம் அடைத்துவிட்டது. பால் பொருள் என்றால் சீனாவிலிருந்து வருவதற்கு 2008இல் பாலில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்த விவகாரத்திலிருந்து தடை. மக்காச்சோளம், பப்பாளி, அன்னாசி, தக்காளி என்று 24 பயிர்களுக்கு மரபணு மாற்றம் செய்யாதது என்ற சான்றிதழை 2021 மார்ச்சிலிருந்து கேட்கிறார்கள், நல்லவேளை பேரீச்சை அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம் உங்கள் பெயரில் இருக்க வேண்டிய பதிவுகள். இது ஒன்றும் கஷ்டமில்லை, வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். பான், ஜி.எஸ்.டி., வங்கியில் நடப்புக் கணக்கு. அடுத்து ஐ.இ.சி., அதாவது ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய்தான், உங்கள் பான் எண்ணே அதன் எண்ணாகவும் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரத்தை ஒரு தடவை உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் உள்ளே போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாருங்கள், மறந்தால் குறியீடு செயலிழந்துவிடும், கப்பல் வரும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

ஃபுட் லைசென்ஸில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கடைக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் பதிவோ மாநில லைசென்ஸோ இதற்குச் செல்லாது. இறக்குமதியாளருக்கு எத்தனை சின்ன வியாபாரமாக இருந்தாலும் மத்திய லைசென்ஸ்தான், உணவு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் இறக்குமதியாளர் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டும், நான் எடுத்தபோது ஆண்டுக்கு 7,500 ரூபாய் கட்டினேன். அதில் நீங்கள் இறக்கப்போகும் உணவு வகை இருக்க வேண்டும், பழத்துக்கு எடுத்த லைசென்ஸில் பிஸ்கட் வராது. பத்துக் கிலோப் பெட்டியாக இறக்கி இங்கே கால் கிலோ, அரைக் கிலோவாகப் பிரித்து அடைக்கப்போகிறீர்கள் என்றால் அது மறு அடைப்பு. அந்தக் கிடங்குக்குத் தனியாக லைசென்ஸ் எடுங்கள், அட்டையில் உங்கள் பெயரும் எடையும் விலையும் வேறு போட வேண்டியிருக்கும்.

வங்கியில் ஏ.டி. கோட் (அந்நியச் செலாவணி அனுமதி உள்ள வங்கிக் கிளையின் குறியீடு) என்று ஒரு கடிதம் வாங்கி, சரக்கு வரும் துறைமுகத்துக்கு என்று கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். பொட்டலமாக விற்பதென்றால் எடையளவுச் சட்டத்தின் கீழ் இறக்குமதியாளர் பதிவு, ஆரம்பித்த 90 நாளுக்குள்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "மருமகன் அங்கே கடைக்காரர் கையில் கொடுத்துவிடுவார், நான் இங்கே அவர் வீட்டில் கொடுத்துவிடுகிறேன், வங்கிக்கு எதுக்குக் கமிஷன்?" இது உண்டியல், அதாவது ஹவாலா, அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் காரியம் ஆகாது, ஏனென்றால் இறக்குமதி ஒவ்வொன்றின் பில் ஆஃப் என்ட்ரியும் (கஸ்டம்ஸில் போடும் இறக்குமதி அறிக்கை) வங்கி வழியாகப் போன பணத்தோடு கணினியில் பொருந்த வேண்டும், பொருந்தாமல் தொங்கும் கணக்கை வங்கி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் இதே வம்புதான்.

இப்போது லேபிள். என் கை சுட்ட இடம் இதுதான்.

முதல் தடவை நான் இறக்கியது பழம் இல்லை, பேரீச்சை வைத்த, மாமூல் என்கிற அரபு பிஸ்கட், 600 அட்டைப்பெட்டி. சரக்கு நல்ல சரக்கு, இன்றைக்கும் அந்த ருசி நாக்கில் நிற்கிறது. ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன், லேபிளில் ஏதாவது குறை இருந்தால் இங்கே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. 2017 இறக்குமதி விதிகளின்படி துறைமுகத்திலேயே, கஸ்டம்ஸ் பிடியில் இருக்கும்போதே, பிய்த்தெடுக்க முடியாத ஒரே ஸ்டிக்கரில் சரிசெய்ய அனுமதிக்கும் குறைகள் கொஞ்சம்தான்: இறக்குமதியாளர் பெயர் முகவரி, உணவு ஆணைய முத்திரையும் லைசென்ஸ் எண்ணும், சைவ அசைவக் குறி, இந்த மாதிரி. தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் இவையெல்லாம் தயாரித்தவர் அச்சடித்து வர வேண்டியவை. என் பிஸ்கட்டில் பேட்ச் எண் வெளி அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தது, உள்ளே பொட்டலத்தில் இல்லை, சேர்மானம் அரபியில் மட்டும் இருந்தது. அதிகாரி பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மாதிரிகூட எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, விதி அப்படி. திருப்பி அனுப்பினால் கப்பல் கூலி சரக்கு விலைக்கு மேல் போனது. கடைசியில் அழிக்கக் கொடுத்தேன், அழிக்கிற செலவும் என் தலையில்.

அதனால் முன்பணம் அனுப்பும் முன் லேபிளின் ஃபோட்டோவை வாங்கிவிடுங்கள், வெளிப்பெட்டி தனியாக, உள் பொட்டலம் தனியாக, நாலு பக்கமும். எழுத்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே அரபியோ தமிழோ இருந்தால் தடையில்லை. (தமிழில் மட்டும் அச்சடித்த பொட்டலம் தமிழ்நாட்டில் விற்கவே போதாது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஆனால் விதி அதுதான்.) உணவின் பெயர், சேர்மானம், சத்து விவரம், நிகர எடை, தேதிகள், பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயர் முகவரி, எந்த நாடு என்பது. சைவத்துக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம், பழைய பழுப்பு வட்டத்தை அச்சகத்தில் இன்னும் வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எடையளவுச் சட்டத்துக்காக எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையும் வாடிக்கையாளர் புகாருக்கான ஃபோன் எண்ணும் வேண்டும். இவற்றை அங்கேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டால் ஸ்டிக்கர் கூலியும் மிச்சம், கிடங்கில் நிற்கும் நாளும் மிச்சம்.

மீதமுள்ள ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. 60 சதவீதம் ஆயுள் மீதி இருந்தால்தான் விடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். முழு விதி இப்படி: 60 சதவீதமோ, காலாவதிக்கு முன் மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது இருக்க வேண்டும். ஒரு வருட ஆயுள் உள்ள பொருளில் 60 சதவீதம் என்பது ஏழு மாதத்துக்கு மேல், மூன்று மாதம் அதைவிடக் குறைவு, ஆக மூன்று மாதம் மீதி இருந்தாலே போதும். நாலு மாதமே தாங்கும் பொருள் என்றால் 60 சதவீதம் 72 நாள், அந்த 72 நாள் இருக்க வேண்டும். மொத்த ஆயுள் ஐந்து மாதத்துக்கு மேல் என்றால் மூன்று மாதம், அதற்குக் கீழ் என்றால் சதவீதம் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும். சட்டம் விட்டாலும் கடைக்காரர் மூன்று மாதச் சரக்கை வாங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

சரக்கு ஏறியாயிற்று. கப்பல் வந்து நின்ற பிறகு பில் ஆஃப் என்ட்ரி போடுகிற காலம் போய்விட்டது, வருவதற்கு முந்தின நாளுக்குள் போட்டிருக்க வேண்டும், தாமதித்தால் முதல் மூன்று நாள் தினம் 5,000, அதற்கப்புறம் தினம் 10,000 ரூபாய் கட்டணம். இதைக் கிளியரிங் ஏஜென்ட் போடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), ஃபைட்டோ, எந்த நாட்டுப் பொருள் என்ற சான்றிதழ் எல்லாவற்றிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. பில் ஆஃப் என்ட்ரி போட்டதும் உணவு ஆணையத்துக்கும் குவாரன்டைனுக்கும் கணினி வழியாகவே தகவல் போகும், அங்கே கட்டணம் கட்டி நேரம் வாங்க வேண்டும்.

உணவு ஆணையம் முதலில் காகிதம் பார்க்கும், பிறகு கண்ணால் பார்க்கும், பிறகு மாதிரி எடுக்கும், எல்லாச் சரக்கிலும் எடுப்பதில்லை. எடுக்கும்போது இரண்டு பங்காக எடுத்து ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பும், முடிவு ஐந்து நாளில் வர வேண்டும். தேறினால் ஆட்சேபணை இல்லை என்ற சான்று, தேறாவிட்டால் இரண்டாவது மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் கெடு உண்டு. குவாரன்டைன்காரர் பழத்தைப் பிளந்து பூச்சி தேடுவார். உயிரோடு ஒரு புழு கிடைத்தாலும் புகை போட்டு மறுபடி பார்க்க வேண்டிவரும். இரண்டு அலுவலகமும் விட்ட பிறகுதான் கஸ்டம்ஸ் விடும். இந்த நாட்களுக்கெல்லாம் கண்டெய்னருக்கு வாடகை ஓடும், குளிர் கண்டெய்னர் என்றால் கரண்டுக்கும் சேர்த்து. ஷிப்பிங் லைனிடம் இலவச நாளை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள், ஏற்றும் முன் கேட்டால் கொடுப்பார்கள்.

வரிக் கணக்கு எப்படி என்று ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன், விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணை (கஸ்டம்ஸ் பொருள்களை வகைப்படுத்தும் எண்) வைத்து அன்றைய விகிதத்தைப் பாருங்கள். சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 10 லட்சம் என்று வையுங்கள். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்றால் 2 லட்சம். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 20,000. இப்போது 12,20,000 ஆயிற்று, இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) 5 சதவீதம் என்றால் 61,000. மொத்தம் 2,81,000. கடைசி 61,000ஐ ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம், மற்றதை விலையில்தான் ஏற்ற வேண்டும். இலங்கையோடு 2000இலிருந்தும் எமிரேட்ஸோடு 2022 மே மாதத்திலிருந்தும் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் சில பொருளுக்கு வரி குறையும். ஆனால் பொருள் அந்த நாட்டில் உண்மையிலேயே விளைந்ததாகவோ தயாரானதாகவோ இருக்க வேண்டும், துபாய் வழியாக வந்த சவுதிப் பழத்துக்கு எமிரேட்ஸ் சலுகை கேட்கக் கூடாது. 2020 விதிப்படி அந்த ஆதாரம் உங்கள் கையில் ஐந்து வருடம் இருக்க வேண்டும்.

கிடங்குக்கு வந்த பிறகு எந்த பேட்ச் எந்தக் கடைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், ஏதாவது புகார் வந்து திரும்பப் பெறச் சொன்னால் அந்த நோட்டுதான் வழி. இராமநாதபுரம், பரமக்குடி, ஏர்வாடி என்று சில்லறையாக அனுப்பும்போதும் பில் போட்டே அனுப்புங்கள்.

நேரக் கணக்கு ஒன்று பாக்கி. சவுதியில் அறுவடை ஆகஸ்ட் வாக்கில் சூடு பிடிக்கும். நோன்போ ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, இப்போது பிப்ரவரியில் நிற்கிறது. எல்லோரும் டிசம்பரில் ஏற்றுவதால் ஆய்வகத்திலும் துறைமுகத்திலும் நெரிசல் அப்போதுதான். நான் அக்டோபரிலேயே ஏற்றச் சொல்லிவிடுகிறேன். பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஃபைட்டோவின் ஸ்கேன் வந்து பெயர், எடை, நாடு மூன்றும் பெட்டியோடு பொருந்துகிறது என்று பார்த்த பிறகே மீதியை வங்கியில் அனுப்பச் சொல்கிறேன். மருமகன் அங்கே இருப்பதன் உண்மையான பிரயோஜனம் இதில்தான் இருக்கிறது: விலை பேசுவதற்கு அவர் வேண்டாம், கண்டெய்னர் கதவு மூடும் முன் போய் நின்று பத்துப் பெட்டியைத் திறந்து உள் பொட்டலத்தில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.